மாநாட்டுப் பட்டறைகளில் தமிழ்: முன்மொழிவு குறித்த ஒரு திறனாய்வு

1964 ஜனவரியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26ஆவது அனைத்துலக மாநாடு புதுதில்லியில் கூடியது. அதற்கு வந்திருந்த தமிழாய்வாளர் சிலர் மாநாட்டின் இடையே தனியே ஒரு சிறு கூட்டம் கூடினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளும், கேரளப் பல்கலைக்கழகத்தின் வ.அய். சுப்பிரமணியமும் அதற்கு முன்னின்றனர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அக்கூட்டத்தில்தான் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைவரானார். தனிநாயகம் அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர் பொறுப்பேற்றனர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாடு அதன் விளைவு. பெரிய மாநாடு ஒன்றின் நிழலில், அதற்கு வந்தவர்களையே கொண்டு, ஒரு குறிப்பிட்ட தேவைக்காகக் கூடும் சிறு கூட்டத்தை இன்று மாநாட்டுப் பட்டறை என்கிறோம். அப்பெயர் இத்துறையில் வழங்காத காலத்தே நிகழ்ந்ததாயினும், தமிழியலில் அதற்குக் கிடைக்கும் தெளிவான முன்மாதிரி தில்லிக் கூட்டமே எனலாம்.

அக்கூட்டத்தை முன்மொழிந்தவர்களிடம் ஒரு வினா இருந்தது. சென்னையிலும் பாரிசிலும் பிராகாவிலும் கலிபோர்னியாவிலும் தனித்தனியே நடந்துவரும் தமிழாய்வு ஒன்றையொன்று அறிவது எவ்வாறு என்பதே அது. வினா அவர்களுடையது, விடை தேடியவர்களும் அவர்களே. கடந்த பதினைந்து ஆண்டுகளில் தமிழ் இடம்பெறும் மாநாட்டுப் பட்டறைகள் முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியுள்ளன. ஆயின் அவற்றில் எழுப்பப்படும் வினாக்களுள் மொழியியலாரோ மொழிபெயர்ப்பாளரோ எழுப்பியவை மிகச் சில. இதற்குப் பிறரைக் குறைகூறிப் பயனில்லை. முன்மொழிவை எழுதுபவரே வினாவை வகுக்கிறார். நாம் முன்மொழிவு எழுதுவதில்லை. எழுதும்போது அதில் வினா இருப்பதில்லை. இக்கட்டுரை இவ்விரண்டையும் ஆராய முற்படுகிறது.

சொல் குறித்துச் சில

ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. பயிலரங்கு என்பதில் கற்பிப்பவர் ஒருவரும் கற்பவர் பலரும் உளர். பணிமனை என்றால் தமிழ்நாட்டில் பேருந்து நிற்குமிடமே நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர் வழங்கும் செயலமர்வு நல்ல ஆக்கம். ஆயினும் பாக் நீரிணையைக் கடந்து இங்கு வேரூன்றவில்லை. தில்லியில் பணிபுரியும் தமிழருக்கோ கார்யசாலா என்ற சொல் வேறொரு காட்சியைத் தரும். மைய அரசு அலுவலகங்களில் காலாண்டுக்கொரு முறை ஆட்சிமொழிக்காக நடைபெறும் கட்டாய வகுப்பு அது. கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவது என்றே அச்சொல் பலருக்குப் பொருள்படுகிறது.

பட்டறை என்பதே இவற்றுள் பொருத்தமானது என்பது என் கருத்து. இரும்பு உள்ளே செல்கிறது. வேறு உருவில் வெளியே வருகிறது. சிறுகதைப் பட்டறை, நாடகப் பட்டறை, கலைச்சொல்லாக்கப் பட்டறை என்னும் வழக்குகளில் இப்பொருள் தெளிவாகவே உள்ளது. இதனோடு உறவுடைய பட்டடை என்னும் சொல் அடைகல்லைக் குறிக்கத் திருக்குறளில் ஆளப்பட்டுள்ளது. அது வருமிடம் கூடா நட்பு அதிகாரம் என்பது தற்செயலே. எனினும் மொழியியலாரும் கணிப்பொறியாளரும் ஓர் அறையில் அமரும் பட்டறைகள் சிலவற்றைக் கண்டவருக்கு அவ்வதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது.

பன்னாட்டு ஆய்வு மாநாடுகளில் இச்சொல் குறிப்பது இவை எவற்றையும் அன்று. முதன்மை மாநாட்டுக்கு முன்போ பின்போ ஒரு நாள், அல்லது அரை நாள், தனிக் குழுவினரால் நடத்தப்படும் சிறு மாநாடு அது. தனி அழைப்பு, தனி மதிப்பீட்டுக் குழு, தனி நூல் ஆகியவை அதற்கு உண்டு. இடத்தையும் பதிவையும் பெரிய மாநாடு பார்த்துக்கொள்கிறது. பொருளைப் பட்டறைக்காரர்கள் தருகின்றனர். பயிலரங்கு என எண்ணிக்கொண்டு இதற்கு முன்மொழிவு எழுதுவோர், யார் யாருக்கு எதைக் கற்பிப்பார் என்று விளக்குவதிலேயே பக்கங்களைச் செலவிட்டுவிடுகின்றனர்.

முன்மொழிவு என்னும் எழுத்துவகை

கணினி மொழியியல் கழகத்தின் மாநாடுகள் பலவற்றுக்கும் சேர்த்தே பட்டறை முன்மொழிவுகளுக்கான அழைப்பு ஆண்டுதோறும் வருவது வழக்கம். கேட்கப்படுபவை சிலவே. பட்டறையின் பொருள் என்ன, அது இப்போது ஏன் தேவை, அழைப்புரை ஆற்றுவோர் யாவர், அவர்களது இசைவு பெறப்பட்டதா, கட்டுரைகளை மதிப்பிடுவோர் யாவர், எத்தனை பேர் வருவர் என எதிர்பார்க்கிறீர்கள், முன்பு நடந்திருப்பின் அதன் வரலாறு என்ன, அமைப்பாளர் எத்தகையவர். சுருங்கச் சொல்லவேண்டும் என்பதே கடினமான விதி. நாற்பது பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கத்தில் திணறுவதைக் காணலாம்.

நம் கருத்தரங்கச் சுற்றறிக்கையை இதனருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். நோக்கம் பற்றி ஒரு பத்தி இருக்கும். மொழியின் தொன்மையும் பெருமையும் அதில் கூறப்படும். பின் தலைப்புகளின் பட்டியல். சங்க இலக்கியத்தில் தொடங்கி இணையத்தில் முடியும் அப்பட்டியலின் இறுதியில், இவை தொடர்பான பிற தலைப்புகளிலும் கட்டுரை வழங்கலாம் என்றொரு வரி காணப்படும். எவரையும் விலக்காத தன்மையே அச்சுற்றறிக்கையின் இலக்கணம். ஒரு துறைக்கு வெளியே இருப்பவரையும் அரவணைக்க வேண்டிய நிறுவனத் தேவையிலிருந்து இவ்வடிவம் பிறந்தது. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் பட்டறை முன்மொழிவு இதற்கு நேர்மாறானது. எதை எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதில்தான் அதன் வலிமை உள்ளது.

இதை நான் கற்றது ஒரு தோல்வியில். சில ஆண்டுகளுக்கு முன் மோதி பாக் அரசுக் குடியிருப்பில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் மூவர் அமர்ந்து முன்மொழிவு ஒன்றை எழுதினோம். நண்பர் மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணியில் இருந்தவர். மற்றவர் பள்ளித் தமிழாசிரியர். தில்லியிலேயே நடைபெறவிருந்த மொழித்தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்காக எழுதியது அது. மொழிபெயர்ப்பும் தில்லித் தமிழும் என்பது எங்கள் பொருள். இரண்டு மதிப்பீடுகள் வந்தன. எத்தரவு, எப்பணி என்று கேட்டார் ஒருவர். இப்பட்டறை நடந்து முடிந்தால் இன்று அறியாத எதை நாளை அறிவோம் என்று கேட்டார் மற்றவர். முதல் வினாவால் சினங்கொண்டோம்; மொழியியலாரைப் பார்த்துத் தரவு எங்கே என்பதா என்று நண்பர் குமுறினார். இரண்டாவது வினாவுக்கு எங்களிடம் விடை இல்லை. எங்களிடம் இருந்தது பொருள், வினா அன்று. முன்மொழிவு ஏற்கப்படவில்லை. அம்முடிவு சரியானதே என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று.

பிறர் வகுத்த வினாக்கள்

இந்திய மொழித் தரவுகளுக்கெனத் தொடர்ந்து நடந்துவரும் பட்டறைகளுள் மூத்தது வில்ட்ரே. சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கிரீஷ் நாத் ஜா, பெங்களூர் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தின் காளிகா பாலி, சென்னை ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையத்தின் சோபா லலிதா தேவி ஆகியோர் இதன் அமைப்பாளர்கள். 2012 மே மாதம் இஸ்தான்புல்லில் மொழிவள மாநாட்டோடு இணைந்து முதலாவது பட்டறை நடந்தது. அதன்பின் அம்மாநாடு கூடும்போதெல்லாம், ஈராண்டுக்கு ஒரு முறை, இப்பட்டறையும் முன்மொழியப்பட்டு வந்துள்ளது. 2020இல் பெருந்தொற்றால் மர்சேயில் கூட இயலாதபோதும் அதன் கட்டுரைத் தொகுதி வெளியாயிற்று. அமைப்பாளர்களிடையே மொழியியல் அறிவுக்குக் குறைவில்லை. இந்திய மொழிகளுக்கு என்னென்ன வளங்கள் உள்ளன, அவற்றைப் பகிர்வதில் என்ன இடர் என்பதே இதன் வினா. இது பயனுள்ள வினா, கணக்கெடுப்பவரின் வினாவும்கூட.

திராவிட மொழித்தொழில்நுட்பப் பட்டறை வேறு வகையினது. 2021 ஏப்ரலில், கீவ் நகரில் நடக்க வேண்டியிருந்து இணையவழியே நடந்த ஐரோப்பிய மாநாட்டில் இது தொடங்கியது. 2022இல் டப்ளின், 2023இல் பல்கேரியாவின் வர்னா, 2024இல் மால்ட்டா, 2025இல் அமெரிக்காவின் அல்புகெர்க்கி என ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மாநாட்டில் இடம்பெற்றது. தமிழகப் பொறியியல் கல்லூரி மாணவர் பலருக்குப் பன்னாட்டு மேடையில் தம் பெயரைக் காணும் வாய்ப்பை இது தந்தது. இதை முன்மொழிந்தவர்களின் விடாமுயற்சியைப் போற்றாமல் மேற்செல்வது நேர்மையாகாது.

இப்பட்டறையின் முதுகெலும்பு பொதுப்பணி என்னும் முறை. அமைப்பாளர் தரவையும் அளவுகோலையும் தருவர், பல குழுக்கள் ஒரே பணியைச் செய்து மதிப்பெண் பெறும், தரவரிசை வெளியாகும். 2021இல் இத்தகைய பணிகள் மூன்று: வசைமொழி கண்டறிதல், கேலிப்படங்களை இனங்காணல், எந்திர மொழிபெயர்ப்பு. மூன்றாவதில் ஆங்கிலத்திலிருந்து தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்கும், தமிழிலிருந்து தெலுங்குக்கும் மொழிபெயர்க்க வேண்டும். ஆங்கிலமோ இந்தியோ இடைநில்லாமல் தமிழும் தெலுங்கும் நேரே சந்திக்கும் இவ்விணையைத் தேர்ந்தது பாராட்டத்தக்கது. ஆனால் விளைவுகளை அளந்த கோல் புளூ. ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் முன்வைத்த இம்முறை, எந்திரம் தந்த தொடரிலுள்ள சொற்களும் நான்கு வரையிலான சொல்லடுக்குகளும் மாதிரி மொழிபெயர்ப்பில் எத்தனை இடங்களில் அப்படியே வருகின்றன என்று எண்ணுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மாதிரித் தொடர் இது: அவர் நேற்றுத் தம் ஊருக்குப் புறப்பட்டார். முதல் எந்திரம் தருவது: நேற்று அவர் தம் ஊருக்குக் கிளம்பினார். இரண்டாம் எந்திரம் தருவது: அவர் நேற்றுத் தம் ஊருக்குப் புறப்பட்டாள். முதலாவதைக் குறைகூற எந்தத் தமிழராலும் இயலாது. இரண்டாவது எழுவாயும் பயனிலையும் இயையாத வழுத்தொடர். சொற்களைப் பிரிக்காமல் எழுத்து வடிவை அப்படியே எண்ணினால் முதல் தொடரின் ஐந்து சொற்களில் அவர், தம் ஆகிய இரண்டே பொருந்துகின்றன. இரு சொல் அடுக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இரண்டாவதில் நான்கு சொற்களும் மூன்று ஈரடுக்குகளும் பொருந்துகின்றன. பிழையான தொடர் வெற்றி பெறுகிறது.

இதில் சொல் வரிசையின் நெகிழ்ச்சி ஓரளவே காரணம். நேற்று என்பதும் நேற்றுத் என்பதும், ஊருக்குப் என்பதும் ஊருக்குக் என்பதும் எந்திரத்துக்கு வெவ்வேறு சொற்கள். வருமொழியின் முதலெழுத்தால் தோன்றிய வல்லொற்று, வந்து நிற்கும் சொல்லின் அடையாளத்தையே மாற்றிவிடுகிறது. அதாவது கிளம்பினார் என்னும் சொல்லைத் தேர்ந்ததற்காக எந்திரம் இரு முறை தண்டிக்கப்படுகிறது: அச்சொல்லுக்காக ஒரு முறை, அது தன் முன் நின்ற சொல்லில் விளைவித்த ஒற்றுக்காக மற்றொரு முறை. தனித்தொடரை அளக்க அன்று, பெருந்தொகுதியின் சராசரியை அளக்கவே இக்கோல் ஆக்கப்பட்டது என்று மறுமொழி கூறலாம். அது சரியே. ஆனால் தற்செயல் பிழைகள்தாம் சராசரியில் கரையும். சந்தி தற்செயலானதன்று, தமிழ்த் தொடர்தோறும் வருவது. முதலாண்டு மொழியியல் மாணவர் கூடக் காணக்கூடிய இவ்விடர், முன்மொழிவு எழுதப்பட்ட நாளில் அவ்வறையில் யார் இல்லை என்பதைக் காட்டுகிறது.

இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்பதில்லை. புள்ளியியல் எந்திர மொழிபெயர்ப்புக்கான பட்டறை 2006இல் நியூயார்க்கில் சிறிதாகத் தொடங்கி, 2016இல் மாநாடு என்றே பெயர் மாற்றிக்கொள்ளும் அளவு வளர்ந்தது. தானியங்கி அளவுகோல்களுடன் மனிதரின் தீர்ப்பையும் அது முதல் ஆண்டிலிருந்தே சேர்த்து வெளியிட்டது. அளவுகோலை ஐயுறுவதும் அப்பட்டறையின் வினாக்களுள் ஒன்றாக இருந்தது. 2020இல் செய்தி மொழிபெயர்ப்புப் பணியில் தமிழும் அங்கு இடம்பெற்றது.

எது தமிழ்?

மற்றொரு சான்று. தமிழும் ஆங்கிலமும் கலந்த உரையின் உணர்வை ஆராயும் பொதுப்பணிகளுக்கு அடிப்படையான தொகுதியில் 15,744 குறிப்புகள் உள்ளன. யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களின் கீழ் எழுதப்பட்டவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. உடன்பாடு, எதிர்மறை, இரண்டும் கலந்தது, அறியவியலாதது என்னும் வகைகளோடு, தமிழ் அல்லாதது என்றும் ஒரு வகை உண்டு. குறியிட்டவர்களின் கல்வியும் பயிற்றுமொழியும் தெரிவிக்கப்பட்டிருப்பது நல்ல முறை. நம் களஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இதுகூட இருப்பதில்லை. என் ஐயம் அவ்வைந்தாவது பெட்டியைப் பற்றியது.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று மோதி பாக்கில் உள்ளது. மாலையில் அப்பகுதியில் நடப்பவர் கேட்கக்கூடியது இது போன்ற தொடர்: அம்மா, தர்வாஜா பந்த் பண்ணு. பெயரும் இந்தி, வினையடியும் இந்தி. ஆனால் விளி முன்னிற்க, ஏவல் இறுதியில் நிற்க, செயப்படுபொருள் உருபின்றி வர, பண்ணு என்னும் துணைவினை அயல்மொழிச் சொல்லைத் தமிழ் வினையாக்குகிறது. சென்னைக் குழந்தை லாக் பண்ணு என்பதும், யாவரும் தயார் பண்ணு என்பதும் இதே அமைப்பே. சொல் எண்ணுபவருக்கு இது தமிழ் அல்லாதது. தொடரனைப் பார்ப்பவருக்கு இது தமிழே. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே கலக்கும் என்று கொண்ட தொகுதியில் தில்லி, மும்பை, பெங்களூர்க் குழந்தைகளின் தமிழ் எந்தப் பெட்டியில் விழும்? அவ்வாறு விழுந்த பெட்டியிலிருந்து கற்ற எந்திரம் நாளை அக்குழந்தையின் பேச்சைத் தமிழ் என்று ஏற்குமா? எது தமிழ் என்னும் முடிவு, மொழியியலார் எவரும் வாதிடாத ஓரிடத்தில், குறியீட்டு விதியொன்றின் வடிவில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

மீண்டும் முன்மொழிதல்

ஓராண்டு கழித்து நாங்கள் மூவரும் அதே கூடத்தில் மீண்டும் அமர்ந்தோம். தில்லித் தமிழை அடுத்த முறைக்கென ஒதுக்கிவைத்தோம். ஆசிரிய நண்பருக்கு அதில் வருத்தமே. எஞ்சியது ஒரு வினா: தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் சமமாக ஏற்கும் இரு தமிழ்த் தொடர்களை அளவுகோல் எங்கே வேறாகக் காண்கிறது? தரவு எது என்று கேட்டால், பட்டறைக்கு வருவோர் அங்கேயே செய்யும் மொழிபெயர்ப்புகளே என்று எழுதினோம். மதிப்பீட்டுக் குழுவில் பாதி மொழிபெயர்ப்பாளர்கள். வேறொரு மாநாடு அரை நாளுக்கு இடமளித்தது.

வந்தவர்கள் குறைவு. கடைசி அறை, பிற்பகல் வேளை. ஒரே ஆங்கிலப் பத்தியை ஒவ்வொருவரும் தனித்தனியே மொழிபெயர்த்தபின், எண்ணத் தொடங்குமுன்பே வாதம் எழுந்தது. பத்தியில் ஓர் எழுத்தர் வருகிறார். அவரை அவன் என்றவர் மூவர், அவர் என்றவர் மற்றையோர். ஆங்கிலத்தில் மரியாதை குறிக்கப்படவில்லையே என்றார் கணிப்பொறித் துறை இளைஞர் ஒருவர். அரசு மொழிபெயர்ப்பில் வாழ்நாளைக் கழித்த நண்பர், குறிக்கப்படாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் குறித்தே ஆகவேண்டும் என்பதுதான் தமிழ் என்றார். வினைமுற்று மட்டுமன்றி, பத்தி முழுதும் வரும் பதிலிடுபெயர்களும் அதனால் மாறின. ஒரு தேர்வு ஏழு சொற்களை மாற்றியது. அவ்வேழையும் அளவுகோல் ஏழு பிழைகளாக எண்ணியதைக் கண்ட அவ்விளைஞர், ஒற்றுகளை நீக்கியும் விகுதிகளைப் பிரித்தும் எண்ணும் நிரல் ஒன்றை அங்கேயே எழுதலானார். வல்லொற்று எங்கெங்கு மிகும் என்று அவர் கேட்க, நான்கு பேர் நான்கு விதமாக விடை கூறினர். தேநீர் ஆறிப்போயிற்று.

அந்நிரல் முழுமையானதன்று. ஆயினும் ஒற்றினால் விளையும் வேறுபாட்டை நீக்கி எண்ணியபோது எங்கள் சிறு தொகுதியில் வரிசை மாறியது. எழுதியவர்களின் காரணக் குறிப்புகளோடு அம்மொழிபெயர்ப்புகளை இப்போது தொகுத்துவருகிறோம். தில்லித் தமிழ் பற்றிய முன்மொழிவும் இம்முறை ஒரே வினாவாகச் சுருங்கியுள்ளது: பண்ணு என்னும் வினையைச் சான்றாகக் கொண்டு கலப்புத் தொடரின் மொழியைத் தீர்மானிக்க இயலுமா என்பதே அது. எத்தனை பேர் வருவர் என்னும் இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. ஐம்பது என்று எழுதலாம் என்கிறார் நண்பர். பதினைந்து என்று எழுதுவதே நேர்மை என்கிறார் ஆசிரியர்.